கத்திரி இலையில் இரண்டு வண்டு

வெயிலுமுத்து காலமெல்லாம் பருத்திக்கு மருந்தடித்தவர். பூச்சியைக் கண்டால் அடி, காணாவிட்டாலும் ஒரு அடி, அவருக்குத் தெரிந்த வெள்ளாமை அவ்வளவுதான். தொண்ணூற்றேழில் காய்ப்புழு கரிசலையே மொட்டையடித்தபோது, எதிர்காற்றில் தெளித்துவிட்டுத் தெளிப்பானோடு வரப்பில் சாய்ந்தார். ஆயுசு கெட்டி, பிழைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மனைவி முப்பிடாதி அவரைக் காளி கோயிலுக்கு இழுத்துப் போனாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி மருந்தைத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணினார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இருவரும் கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தார்கள்.

வாடகை வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் முப்பிடாதி கத்திரி நட்டாள். பூ வைக்கிற நேரம் பார்த்து, முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டுகள் வந்து இறங்கின. இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது.

அடுப்புச் சாம்பலைத் தூவினால் போகும் என்றாள் முப்பிடாதி. ஊரில் எல்லா வீட்டுச் சாம்பலும் ஒன்றா? அவர்கள் அடுப்பில் எரிவது ஆபீசில் கழித்துப்போட்ட மருந்துக்குச்சி. தூவிய இடமெல்லாம் இலை கருகியது. வண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ரேடியோவில், புள்ளி வண்டு உழவனுக்கு நண்பன், அதைக் கொல்லாதீர்கள் என்றார்கள். நண்பன் எதற்கு நம் செடியைத் தின்கிறான்? வெயிலுமுத்துவுக்குத் தலை சுற்றியது.

பக்கத்து வீட்டுச் செண்பகராஜ் அரை பாட்டில் பருத்தி மருந்தைச் சுவர் மேல் வைத்தார். "ஒரே அடி அண்ணாச்சி, சோலி முடிஞ்சிரும்."

வெயிலுமுத்துவின் கை துறுதுறுத்தது. பருத்திக்காடு கைவிட்டுப் போனது போதாதென்று இந்த நாலு செடியும் போகவேண்டுமா என்று ஆற்றாமையாக இருந்தது. பாட்டிலைத் தொடப் போனவர், முப்பிடாதி பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"செடி போனாப் போகுது. எனக்கு நீங்க வேணும்" என்றாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, எது தின்கிறதென்று பார்த்துக் கையால் பொறுக்கச் சொன்னாள்.

செடிக்கு முன்னால் குத்தவைத்துப் பார்த்தார். ஒரு பூச்சி தின்பதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. மங்கலான வண்டு ஒன்று இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பளபளவென்று இருந்த இன்னொன்று இலைப்பக்கம் வாயையே கொண்டுபோகவில்லை. தண்டில் அப்பிச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த அசுவினிப் பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தின்றது.

"கண்டீங்களா?" என்றாள் முப்பிடாதி.

"ஒண்ணு செடியைத் திங்குது. ஒண்ணு செடிக்கு ஆகாததைத் திங்குது. ரெண்டுக்கும் முதுகுல புள்ளிதான்" என்றார் வெயிலுமுத்து.

மங்கலானதை மட்டும் விரலால் பொறுக்கி எடுத்தார். பிறகு அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"நம்ம காட்டுல எனக்கு ஒத்தாசைக்கு வந்ததையும் சேத்துல்லா நான் கொன்னிருக்கேன்."