எப்போதும் மூன்று விரல்

மாரீஸ்வரிக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தது அவளுடைய தோள்தான். மகாராஜபுரத்தில் பள்ளியில் படிக்கும்போது குண்டு எறிந்து மாவட்டப் போட்டி வரை போயிருந்தாள். அங்கே அவளைப் பார்த்த கல்லூரி விளையாட்டு ஆசிரியர் ஹரிகிருஷ்ணன், "ரக்பி ஆடுதியாம்மா? சீட்டும் உண்டு, ஹாஸ்டலும் உண்டு" என்றார். ரக்பி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. சீட்டு என்றால் என்னவென்று தெரியும். தலையை ஆட்டிவிட்டாள்.

வீட்டில் அதை விளங்க வைப்பதற்குள் பெரும்பாடாகிவிட்டது. தென்னந்தோப்பில் தேங்காய் உரித்துவிட்டு வந்த அப்பா சோலைராஜ், அவள் கொண்டுவந்த பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தா இது, பப்பாளிப் பழம் கணக்கா இருக்கு?"

"இதத் தூக்கிக்கிட்டு ஓடணும்ப்பா. எதிராளுக மறிச்சுக் கீழ தள்ளுவாக. தப்பிச்சுப் போயி அவுக கோட்டத் தாண்டித் தரையில வச்சு அமுக்கிட்டா பாயிண்டு. அதுக்குப் பேரு ட்ரை."

"பப்பாளிப் பழத்தத் தூக்கிக்கிட்டு ஓடுறதுக்கா காலேஜு? நம்ம தோப்புலயே ஓடலாமே. மறிக்கிறதுக்கு நாயும் இருக்கு."

அம்மா குருவம்மாள் சிரிக்கவில்லை. "ஒரு கீறல் பட்டுச்சுன்னு காதுல விழுந்தாலும் அன்னிக்கே மூட்டையக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துறணும். கை கால் முறிஞ்ச பிள்ளைய எவன் கட்டுவான்?" என்றாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. மாரீஸ்வரி அந்த நிபந்தனைக்கும் தலையை ஆட்டினாள்.

அணியில் இருந்த பெண்கள் எல்லோருமே இப்படி ஒரு நிபந்தனையைச் சுமந்துகொண்டு வந்தவர்கள்தான். அடிபட்டது வெளியே தெரிந்தால் வீட்டில் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆட்டம் போனால் சீட்டும் போகும். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். ஒருத்தி உட்கார்ந்தால் எதிரணிக்கு ஒரு வாசலே திறந்துவிடும். அவர்கள் போன போட்டிகளில் டாக்டர் இருந்ததில்லை. ஒருத்தி தலையில் அடிபட்டுச் சாய்ந்தால், உச்சி முடியைப் பிடித்து இழுப்பார்கள், சோடாவை முகத்தில் அடிப்பார்கள். பிறகு நடுவர் பார்த்துக்கொண்டிருக்க, கேப்டன் குனிந்து விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்பாள். சரியாகச் சொன்னால் ஆட்டம் தொடரும்.

கேப்டன் ஸ்வீட்லின் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. முதல் வருடமே ஹாஸ்டல் மொட்டைமாடியில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்: "நான் எப்பவும் மூணு விரல்தான் காட்டுவேன். கண்ணு தெரிஞ்சாலும் தெரியாட்டியும் மூணுன்னு சொல்லுங்கட்டி. செத்துப்போனவ மட்டும் சொல்ல வேண்டாம்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று வருடமும் அது பிசகவில்லை.

இப்போது மாரீஸ்வரிக்கு இருபத்தாறு வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். பி.காம். முடித்தவள் என்று முதலில் பில் போடத்தான் வைத்தார்கள். கம்ப்யூட்டர் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, தலை வலித்தது. எண்கள் வரிசை மாறின. ஒருநாள் சூப்பர்வைசர் ஐயாதுரை ஏதோ சாதாரணமாகக் கேட்கப்போக, கையிலிருந்த ஸ்டேப்ளரை அவர் மேல் எறிந்துவிட்டாள். எறிந்த பிறகுதான் எறிந்தது தெரிந்தது. நல்ல மனிதர், வேலையை விட்டு எடுக்காமல் பேக்கிங்குக்கு மாற்றினார். அன்றிலிருந்து மற்ற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். ஊருக்கெல்லாம் காயம் கட்டுகிற துணியை நாள் முழுக்கச் சுருட்டி உறையில் போடுகிறவளுக்குத் தன் காயம் எங்கே இருக்கிறதென்று காட்டத் தெரியவில்லை. தழும்பு கிடையாது. வீக்கம் கிடையாது. அம்மா கண்ணேறு என்று திருநீறு மந்திரித்து அனுப்பினாள்.

குடியிருப்பது சுப்புராஜ் என்பவர் வீட்டு மாடியறையில். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வேலை முடிந்து அவள் படியேறும்போதெல்லாம் சுப்புராஜின் மனைவி அடுக்களை ஜன்னல் வழியாக "தின்னாவா?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். "ஆச்சுக்கா" என்பாள் மாரீஸ்வரி. ஆகியிருக்காது, அல்லது ஆகியிருக்கும். அவளுக்கே நிச்சயமில்லாத நாட்கள் உண்டு. அறைக்குள் போய் விளக்கைப் போடாமல் படுத்துக்கொள்வாள். கல்லூரிக்குத் தோள்தானே கூட்டிப்போனது, பட்டம் தனக்குப் பாத்தியப்பட்டதுதானா என்று யோசிப்பாள். தோள் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே இருப்பதுதான் சொன்னபடி கேட்பதில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரி யாரும் இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஸ்வீட்லினிடமிருந்து போன் வந்தது. ஸ்வீட்லின் இப்போது போலீஸ் கான்ஸ்டபிள். பழைய அணியில் கிடைத்தவர்களைச் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கப்போகும் போட்டி ஒன்றில் இறங்கப் போகிறாளாம்.

"ஆறு பேரு தேறிட்டோம். ஏழாவது நீதான். வாரியா, இல்ல பேண்டேஜ சுத்திக்கிட்டு அங்கயே கெடக்கப் போறியா?"

"வாரேன்" என்றாள் மாரீஸ்வரி. அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. ரொம்ப நாளாகிவிட்டது, அவளை ஒருவர் எண்ணிக்கையில் சேர்த்து. தலைவலியைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள். சொன்னால் இந்த இடமும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பயிற்சி. பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கி மைதானத்துக்குள் நுழைந்ததுமே பழைய தோழி ஒருத்தி சத்தம் போட்டாள்.

"ஏட்டி மாரி! உசுரோடதான் இருக்கியா? போனும் இல்ல, போட்டோவும் இல்ல. ஓடிப்போயிட்டன்னுல்லா நெனச்சோம்!"

"ஓடுறதுக்கு எவனாவது கெடைக்கணும்லாக்கா" என்றாள் அக்சா. அவர்களில் அவள்தான் இளையவள். "இவ இடிச்சா அவன் கோயில் கோபுரத்து மேல போயி ஒட்டிக்கிடுவான்."

மாரீஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு அவளுக்கே புதிதாகக் கேட்டது. பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே ஸ்வீட்லினிடம் கேட்டாள்.

"உனக்குப் பொம்பளப்பிள்ளதானே? பேரு என்ன வச்சிருக்க?"

"ஜெமிமா. நடக்க ஆரம்பிச்சுட்டா. வீட்ட ரெண்டாக்குதா."

இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தொப்பையை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள். மைதானத்தை ஒரு சுற்று ஓடி வந்தார்கள். மூச்சு வாங்க நிற்கும்போது மாரீஸ்வரி கேட்டாள்.

"உன் பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க ஸ்வீட்லின்?"

"ஜெமிமா" என்றாள் ஸ்வீட்லின். அக்சா ஸ்வீட்லினைப் பார்த்தாள். ஸ்வீட்லின் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு விசில் ஊதினாள்.

ஆட்டம் தொடங்கியதும் மாரீஸ்வரியின் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பந்தை வாங்கி, நெஞ்சோடு அணைத்து, தோளை முன்னே கொடுத்து ஓடினாள். கால்கள் தானாகப் போயின. குறுக்கே வந்த அக்சா அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தாள். பயிற்சிதானே என்று மெதுவாகத்தான் சாய்த்தாள். மாரீஸ்வரியின் பின்தலை புல்லில் லேசாகத் தட்டியது. அவ்வளவுதான்.

வானம் மட்டும் இருந்தது. பிறகு எங்கோ தூரத்தில் குழாயில் தண்ணீர் விழுவதுபோல ஒரு சத்தம். முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே குனிந்தன. அவற்றில் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கை முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"எத்தனை?"

"மூணு" என்றாள் மாரீஸ்வரி. உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்ல. பந்த எடுங்கட்டி."

யாரும் பந்தை எடுக்கவில்லை.

"மாரி, கையப் பாரு" என்றாள் ஸ்வீட்லின்.

பார்த்தாள். ஸ்வீட்லினின் கை இன்னும் அதே இடத்தில் நின்றது. விரல்கள் எல்லாம் மடங்கியிருந்தன. ஒரு விரலும் காட்டவில்லை. மூடிய கை.

"நீ எப்பவும் மூணுதானே காட்டுவ?" மாரீஸ்வரியின் குரல் சிறுபிள்ளை மாதிரி வந்தது.

"அதனாலதான் மூடுனேன். வந்ததுல இருந்து பிள்ள பேர ரெண்டு தடவ கேட்டுட்ட. நீ வெளிய ஒக்காரு. இன்னிக்கி மட்டும் இல்ல, போட்டிக்கும் வேண்டாம்."

"வெளையாட்டுக்குத்தானே சொல்லுத?"

"இல்லட்டி."

அந்தப் பழைய கோபம் வந்தது. எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் வந்து, வாயைத் தன் கையில் எடுத்துக்கொள்கிற கோபம். "போலீசாயிட்டா யார வேணும்னாலும் வெளிய தள்ளுவியா? எனக்கு இருக்கிறது நீங்க மட்டும்தான். நீயும் தள்ளுதியா?" என்று கத்தினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறும்வரை பின்னால் விசில் சத்தம் கேட்கவில்லை.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மேற்கே மலை கூடவே வந்தது. கோபம் தணியத் தணிய அந்த மூடிய கைதான் கண் முன்னால் நின்றது. ஸ்வீட்லின் தந்திரம் செய்துவிட்டாள் என்று முதலில் நினைத்தாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, தான் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. பார்க்காமல்தான் சொன்னாள். அப்படியானால் இதற்கு முன்னால் எத்தனை தடவை பார்க்காமல் சொல்லியிருப்பாள்? இறங்க வேண்டிய பஞ்சு மார்க்கெட் நிறுத்தம் போய்விட்டது. கண்டக்டர் வந்து "எங்கம்மா போகணும்?" என்று கேட்டபோது பஸ் பழைய பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது.

மறுவாரம் கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு, ராஜபாளையத்திலேயே இருக்கும் ஒரு நரம்பியல் டாக்டரிடம் தனியாகப் போனாள். நடுவயதுப் பெண் டாக்டர். முன்பே எடுத்துக்கொண்டு வரச் சொன்ன ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஸ்கேன் சுத்தமா இருக்கு. அதுக்காக அடிபடலைன்னு சொல்ல முடியாது. மூளைக்குப் படுற இந்த மாதிரி அதிர்ச்சி எல்லாம் படத்துல விழணும்னு அவசியம் இல்ல. ஒரு அடி ஆறுறதுக்குள்ள அடுத்த அடி பட்டுச்சா, அதுதான் எனக்குத் தெரியணும். எப்ப எப்ப பட்டது?"

"தெரியல டாக்டர்."

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல."

"கூட விளையாடினவங்க யாராவது?"

மாரீஸ்வரி கைப்பேசியை எடுத்தாள். பிறகு ஸ்வீட்லினை அழைத்து, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். ஸ்வீட்லின் எங்கோ தெருவில் டியூட்டியில் இருந்தாள். ஆட்டோ ஹாரன்களுக்கு நடுவே அவள் குரல் சாட்சி சொல்வதுபோல நிமிர்ந்து வந்தது.

"மொதல்ல திருச்சியில மேடம். பின்மண்ட தரையில பட்டுச்சு. எந்திரிச்சு, நம்ம கோட்டப் பாத்தே பந்தத் தூக்கிக்கிட்டு ஓடுனா. எல்லாரும் சிரிச்சோம். பொறவு ரெண்டு வாரத்துல சேலம். அங்க ஒருத்தி தலையோட தல மோதிச்சு. திரும்பி வாரப்ப பஸ்ல வாந்தி. பஸ் சேரலைன்னு சாருகிட்டச் சொல்லிட்டோம். அதே மாசம் கோயம்புத்தூர் ஃபைனல். முழங்கால் காதுக்கு மேல இடிச்சுட்டு. செத்த நேரம் அசையவே இல்ல. நான்தான் விரலக் காட்டினேன். மூணுன்னா. ஆட விட்டுட்டேன்." ஹாரன் சத்தம் ஒன்று கடந்து போனது. "நான் பாத்தது இம்புட்டு மேடம். பாக்காதது எம்புட்டோ."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். மாரீஸ்வரி மேசையை நோக்கிக் குனிந்தாள்.

"கோயம்புத்தூருக்கு நான் வந்தேனா?"

"என்னட்டி கேக்குத? அதுக்கப்புறம் எந்திரிச்சு கடைசி ட்ரை போட்டதே நீதானே. மூணு பேரு உன் முதுகுல தொங்குதாளுக, இழுத்துக்கிட்டே போயி வச்ச. அதுலதான் கப்பு. வர வழியெல்லாம் கப்ப மடியில வச்சுக்கிட்டு, யாருக்கும் தர மாட்டேன்னுட்ட."

மாரீஸ்வரி தேடிப் பார்த்தாள். பஸ் இல்லை. கப்பு இல்லை. முதுகில் தொங்கிய மூன்று பேர் இல்லை. தன் வாழ்க்கையிலேயே நல்ல நாளாக இருந்திருக்கக்கூடிய ஒரு நாள், மற்ற எல்லோரிடமும் இருக்கிறது. அவளிடம் மட்டும் இல்லை.

"இனிமே மைதானத்துல இறங்கவே கூடாதும்மா" என்றார் டாக்டர். தூக்கம், வெளிச்சம், மாத்திரை என்று நிதானமாகச் சொன்னார். எவ்வளவு தேறும் என்பதை இப்போதே சொல்ல முடியாது, அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"ஆறு பேராவா எறங்கப் போறீக?"

"ஆமா."

"தோத்துருவீகளே."

"தோத்தா என்ன? நீ பாக்க வா."

"பாக்கணும்" என்றாள் மாரீஸ்வரி. வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

வெயில் சாய்கிற நேரத்தில் வீட்டுப் படியேறினாள். அடுக்களை ஜன்னலில் வழக்கம்போலக் குரல் வந்தது.

"தின்னாவா?"

"ஆச்..." என்று தொடங்கியவள் படியில் நின்றாள். காலையிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்தாள். டவுன் பஸ், டாக்டர், வேப்பமரம். நடுவில் ஏதாவது சாப்பிட்டாளா? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தாளிக்கிற சத்தம் அடங்கியது. சுப்புராஜின் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லக்கா" என்றாள் மாரீஸ்வரி.