இறுக்கிக் குழைத்த மா

தொண்ணூறுகளில் ரெக்ஸ்டேலில் எனக்கு எதிர்வீட்டில் இருந்தவர், வீட்டுக்குள்ளும் அயர்ன் பண்ணிய சேர்ட்டோடுதான் இருப்பார். மீசைக்கு மை பூசியிருப்பார். பெரிய அலுமினியப் பானையில் செப்புக் குழாய் பொருத்திச் சாராயம் வடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. வடித்ததில் ஒரு கரண்டி எடுத்துக் கொளுத்தி, அந்த நீலச் சுவாலையைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் பானையின் மூடி வெடித்துப் பறந்தது. கொதித்ததெல்லாம் அவருடைய மனைவியின் கைகளில் கொட்டியது. அந்த அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பார்க்கப் போனேன்.

"எப்பிடி அண்ணை நடந்தது?"

"குழாய் அடைச்சுப்போச்சுத் தம்பி. ஆவி போகாமல் மூடியைச் சுத்தி ரொட்டி மா அப்புறனாங்கள். அமுக்கம் கூடினால் மா பிஞ்சு ஆவியை விடவேணும். இவள் இறுக்கிக் குழைச்சுப்போட்டாள். நாலு போத்தல் வந்திருக்கும், அநியாயமாய்ப் போச்சு."

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

"நான் ஹோலில ரீவி பாத்துக்கொண்டிருந்தன். அடுப்படியில இவள்தானே நிக்கிறவள்."

அந்த அம்மா கட்டுப்போட்ட இரண்டு கைகளுக்கும் நடுவில் கோப்பையை இடுக்கிக்கொண்டு தேநீர் கொண்டுவந்தார்.

"சிந்தாதை" என்றார் இவர். பிறகு என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"உம்மட மனிசி மாக் குழைப்பாவோ?"

அவருக்குப் பின்னால் நின்ற அந்த அம்மா என்னைப் பார்த்து, வேண்டாமென்று மெல்லத் தலையை ஆட்டினார்.

"அவவுக்குத் தெரியாது அண்ணை" என்றேன்.

அவர் முகம் வாடிப்போனது. அந்த முகம் வாடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.