வாயை மூடிக்கொண்டு பார்த்த புஸ்வாணம்

2005-ம் ஆண்டு, வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த சமயம். திருத்தங்கலில் பட்டாசு லேபிள் அச்சடிக்கிற ஒரு பிரஸ்ஸில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் விட்டேன் என்று சொன்னால் எங்கள் வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு ஓர் இடத்தில் கால் நிற்காது. வாய் அதைவிட மோசம். மிஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருப்பேன்.

அடிக்கடி எனக்கு ஒரு தொழில் யோசனை வரும். டீக்கடையில் சொல்லி முடிப்பதற்குள் அது பழசாகி அடுத்தது வந்துவிடும். அதில் ஒன்றே ஒன்றுதான் கையில் பிடிக்கிற பொருளாக மாறியது. அதற்கும் காரணம் நான் இல்லை, பக்கத்து லேத் பட்டறையில் வேலை பார்த்த என் சேக்காளி, சின்ன வயசிலிருந்தே கூட்டாளி. துடைப்பத்தைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு முனையில் கைப்பிடி, அதில் ஒரு பித்தான். அழுத்தினால் மறுமுனையில் அடுப்பு லைட்டர் மாதிரி சின்னதாக நெருப்பு வரும். தள்ளி நின்றபடியே பட்டாசு கொளுத்தலாம். குனிய வேண்டாம், ஓட வேண்டாம். நாங்கள் அதைக் குச்சி என்றே கூப்பிட்டோம்.

அவன் குழாயை அறுத்து முடிப்பதற்கு முன்பே நான் லேபிள் அடித்துவிட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான், சரக்குக்கு முன்னால் படம் வந்துவிடும். பிரஸ்ஸில் வீணாகிப்போன ஷீட்டில், கூலிங் கிளாஸ் போட்ட ஒரு பூனை ஒய்யாரமாக நின்று எங்கள் குச்சியால் ராக்கெட் விடுகிற மாதிரி படம். பார்த்தவர்கள் எல்லாரும் "பூனை சூப்பர்லே" என்றார்கள். நான் அதைக் குச்சிக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில், புதுத் தொழில் யோசனை யார் கொண்டுவந்தாலும் பரிசோதித்து, தேறுகிறதை வியாபாரிகளிடம் சேர்த்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். விருதுநகரில் பொம்மை மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பாயைப் பார்த்துப் பேசினோம். "அவங்க நல்லாருக்குன்னு சொல்லட்டும் தம்பி, இந்தத் தீபாவளிக்கே ஆர்டர் போட்டுத் தாரேன்" என்றுவிட்டார். அவ்வளவுதான், என் சேக்காளி அன்றைக்குச் சாயங்காலமே பட்டறை முதலாளியிடம் போய் ஆடியிலிருந்து வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். முதலாளி அவன் இடத்துக்கு ஆளும் பார்த்துவிட்டார். இனி எல்லாம் அந்தப் பாலிடெக்னிக்காரர்கள் தலையாட்டுவதில்தான் இருந்தது.

பரிசோதிக்கிறவர் யாரோ வழுக்கைத் தலைப் பெரியவர் என்று நினைத்துப் போனால், அங்கே இருந்தது எங்களை மாதிரியே இருபத்துச் சொச்சம் வயதில் ஒரு மேடம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல. நான் மூச்சு விடாமல் பேசினேன். தூங்குகிறவன் கையில் கொடுத்தாலும் வெடி கொளுத்திவிடுவான் என்றேன். சிரித்துக்கொண்டே கேட்டவர், குச்சியைக் கையில் வாங்கி முதல் காரியமாக அதில் ஒட்டியிருந்த என் பூனையை உரித்து மேஜையில் வைத்தார்.

"படம் நல்லாருக்கு. இப்ப குச்சியப் பாப்போம். இத யாரெல்லாம் கொளுத்திப் பாத்திருக்கீங்க?"

"நானும் இவனும் மேடம்."

"வேற?"

"தெருவே நின்னு பாத்துச்சு மேடம். அம்புட்டுக் கூட்டம்."

"பாத்தவங்கள விடுங்க. கையில பிடிச்சவங்க யாரு?"

யாரும் இல்லை. நாங்கள் யாரையும் தொடவிட்டதே இல்லை.

"இத யாரு வாங்குவாங்க?" என்றார்.

"வெடிக்குப் பயப்படுறவுக."

"அப்ப அப்படி ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. உங்க சொந்தபந்தம் வேண்டாம்."

வெளியே வந்ததும் சேக்காளி தலையில் கை வைத்தான். "ஏலே, சிவகாசிப் பக்கம் வெடிக்குப் பயப்படுற ஆளுக்கு எங்கனலே போறது? மதுரைக்குத்தான் பஸ் ஏறணும்."

டீ குடிக்கப் போன இடத்தில், அந்தப் பாலிடெக்னிக் கேன்டீனில் சமையல் செய்கிற அக்கா இதைக் கேட்டுவிட்டார். கரண்டியோடு வெளியே வந்தார்.

"பயப்படுற ஆளா? நான் இருக்கேன் தம்பி."

"சும்மா இருங்கக்கா, நீங்க எந்த ஊரு?"

"ஆனைக்குட்டம். கலியாணம் ஆன நாள்லருந்து பட்டாசுக் கம்பெனியில புஸ்வாணத்துக்கு மருந்து அடைச்சவ. இங்கன வந்தது இப்பத்தான். ஆனா ஒண்ணக்கூட என் கையால கொளுத்தினதில்ல. தீவாளிக்கு வீட்டுக்குள்ள போயி காதைப் பொத்திக்கிருவேன். 'நீ செஞ்சதத்தானம்மா கொளுத்தச் சொல்றேன்'னு எம் மக வருசா வருசம் கேலி பண்ணுதா. இத வச்சாவது கொளுத்திப் பாப்போமே."

இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? சாயங்காலம் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஒரு புஸ்வாணத்தை வைத்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. மேடம் ஒரு சட்டம் போட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது. கடையில வாங்கிட்டுப் போறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போய்ச் சொல்லித் தர முடியாதுல்ல?"

"மேடம், இவன் வாய மூடுனா உசுரு போயிரும்" என்றான் சேக்காளி.

உண்மையாகவே போய்விடும் போலத்தான் இருந்தது. அக்கா குச்சியைத் தலைகீழாகப் பிடித்தார். நான் தோளில் கிடந்த துண்டைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவராகவே திருப்பிப் பிடித்துப் பித்தானைக் கண்டுபிடித்தார். கையை நீட்டினார். குழாய் மெல்லிசு, அவர் கையோ பயத்தில் நடுக்கம். முனை புஸ்வாணத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. ஆடாமல் இருக்க இன்னொரு கையால் குழாயை நடுவில் பிடித்தார். அப்புறம் இன்னும் கீழே. கை இறங்க இறங்க ஆளும் முன்னால் போனார். கடைசியில் குத்தவைத்தே உட்கார்ந்துவிட்டார். வெறும் ஊதுவத்தியை வைத்துக் கொளுத்தியிருந்தால்கூட அவ்வளவு கிட்டப் போயிருக்கமாட்டார்.

பித்தானை அழுத்தினார். வெயிலில் அந்தச் சின்ன நெருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. எரிகிறதா இல்லையா என்று எங்களைப் பார்த்தார். நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். மேடம் உதட்டில் விரல் வைத்தார். அக்கா மறுபடி அழுத்தினார், மறுபடி.

அப்போது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. திரி பிடித்துவிட்டால் மெல்லிசாக ஒரு 'சுர்' வரும். எங்களுக்கு அது போதும். அக்காவுக்கு அந்தச் சத்தம் தெரியாது, வாழ்நாள் முழுக்கக் காதைப் பொத்தியவர். பிடித்ததா என்று பார்க்க முகத்தைப் புஸ்வாணத்துக்கு நேர் மேலே கொண்டுபோனார்.

"யக்கோவ்!"

நான் கத்தியதும் பாய்ந்ததும் ஒன்றாக நடந்தது. தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவர் என் மேலேயே விழுந்தார். என் முழங்கை சரளைக்கல்லில் சிராய்த்தது. எங்கள் காலுக்கு முன்னால் புஸ்வாணம் ஆள் உயரத்துக்குப் பொங்கி நின்றது. முடி கருகிய வாடை. மேடம் அலறியடித்துக் கேன்டீனுக்குள் ஓடி, கையில் கிடைத்த மோர்ச் சட்டியைத் தூக்கிவந்து அக்கா தலையில் கவிழ்த்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைக்கவேண்டும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை.

நல்லவேளை, முன்நெற்றி முடியும் ஒரு பக்கப் புருவமும் பொசுங்கியதோடு போனது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

"தள்ளி நிக்கத்தானக்கா குச்சியே! நீங்க ஏன் கிட்டப் போனீக?" என்று சேக்காளி கிட்டத்தட்ட அழுதான்.

மோர் வழிகிற முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "எம் மேலதான் தப்பு தம்பி. எனக்குப் புடிக்கத் தெரியல. வெவரம் தெரிஞ்சவுக கையில குடுத்திருந்தா சரியாக் கொளுத்தியிருப்பாக." பிறகு மேடத்திடம் திரும்பினார். "என்னைய வச்சு இந்தப் பயலுக பொளப்பக் கெடுத்துறாதீக மேடம். நல்லாருக்குன்னு சொல்லிருங்க."

மேடம் எங்களைப் பார்த்தார். "அக்கா பிடிச்சதுதான் தப்பா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தோன்றியது. சேக்காளி என்னையே பார்த்தான். அவன் வேலை போய்விட்டது, அவன் இடத்தில் வேறு ஒருவன் வந்து நிற்கப்போகிறான். கீழே கிடந்த குச்சியை எடுத்து, அக்கா பிடித்த மாதிரியே பயந்து பயந்து பிடித்துப் பார்த்தேன். முனை ஆடியது. என் இன்னொரு கை தானாகக் குழாயில் இறங்கியது. நெருப்பு வந்ததா என்று எனக்கும் தெரியவில்லை. குனிந்து பார்க்கத்தான் தோன்றியது.

"அக்கா சரியாத்தான் புடிச்சாக மேடம். குச்சிதான் சரியில்ல."

சேக்காளி ஒரு கல்லை எத்திவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டுக்கு நடந்துவிட்டான்.

பாயின் ஆர்டர் அந்தச் சீசனுக்கு வேறு பொம்மைக்குப் போனது. சேக்காளி சாத்தூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, நலம்கூட விசாரிக்காமல், "ஏலே, குழாயக் கொஞ்சம் கனமாப் போட்டா ஆடாதுல்ல?" என்றான். எனக்கு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது.

அந்தக் குச்சி கடைசிவரை கடைக்குப் போகவே இல்லை. ஆனால், புருவம் பொசுங்கி உட்கார்ந்திருந்த நேரத்திலும் அந்த அக்கா குற்றத்தைத் தன் கையில் தேடினாரே, அது என்னை இன்னும் சும்மா இருக்கவிடுவதில்லை. எங்காவது யாராவது ஒரு புதுச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு 'எனக்குத்தான் தெரியல போல' என்று கூச்சத்தோடு சிரித்தால், கிண்டல் செய்வதற்குப் பதிலாக அதை வாங்கி அவர்களைப் போலவே ஒரு முறை பிடித்துப் பார்த்துவிடுகிறேன். பாதி நேரம் அவர்கள் மேல் தப்பே இருப்பதில்லை.