லைட் எரிந்தது, கார் கிளம்பவில்லை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். முன்னே நடந்ததைப் பின்னே எழுதுவேன், பாதியை மறந்தும் போவேன். ஆனாலும் வாராவாரம் பொறுமையாகப் படிக்கிறீர்கள். இந்த வாரம் எங்கள் கார் கதை.

பழைய டீசல் கார். எங்கள் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் ஒரு மாதம் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி வாசலில் நின்றபடியே பேட்டரி இறங்கிப்போனது.

எனக்கு அந்தக் கார் ஏன் முக்கியம் தெரியுமா? ஆவுடையார்கோவில் பக்கம் என் அக்கா, இடுப்பு எலும்பு உடைந்து படுக்கையில் கிடக்கிறாள். எனக்கோ முழங்கால் வலி… பஸ் படி ஏற முடியாது. கார் இல்லை என்றால் அக்காவும் இல்லை. அவ்வளவுதான்.

டாக்டர் ஓட்டலாம் என்றதும் இவர் பேட்டரியைக் கழற்றி, எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்தார். மறுநாள் காலையில் மாட்டினார். உட்கார்ந்தார். சாவியைத் திருகினார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம்! மறுபடி திருகினால் மறுபடி டிக்.

சென்னையிலிருந்து மகன் போனில் சொன்னான்: "அப்பா, சார்ஜ் போட்டும் எடுக்கலேன்னா இஞ்சினே போச்சுன்னு அர்த்தம். வித்துருங்க. நாளைக்கே ஆள அனுப்புறேன், வந்து கட்டி இழுத்துட்டுப் போயிருவாங்க."

இவர் போனை வைத்தார். குறுக்கே பேசி எனக்குப் பழக்கம் இல்லை. உள்ளே போய் அக்காவுக்குக் கட்டி வைத்திருந்த அதிரசத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன்.

பிறகு இவர் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். வாய் ஓயாத மனிதர்.

"இந்த ஜில்லாவுலயே என்னை மாதிரி ஒருத்தன் கெடையாது ஆத்தா. லைட்டப் போடுங்கய்யா."

லைட் பளீரென்று எரிந்தது.

"இப்பத் திருகுங்க."

டிக். லைட் பொசுக்கென்று அணைந்துவிட்டது. சாவியை விட்டதும் மறுபடி எரிந்தது! எனக்கு அதுவே அதிசயம்.

எலக்ட்ரீஷியன் தான் கொண்டுவந்த மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களில் வைத்தார். "பேட்டரி ஜம்முனு இருக்கு. அது மேல பழி போடாதீங்க." அடுத்து ஒரு கம்பியைக் குமிழிலும், இன்னொன்றை அந்தக் குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன… அங்கே என்ன அளக்கிறார்?

"ஒண்ணோட ஒண்ணு நல்லாத் தொட்டுக்கிட்டு இருந்தா, இங்கிட்டு சைபர்தான் காட்டணும். இப்பத் திருகுங்கய்யா."

டிக். மீட்டரில் எண் எகிறியது!

"மாட்டுனான் பாருங்க! இந்த இடுக்குலதான் உக்காந்து கரண்ட மறிக்கிறான்."

இரண்டு கிளாம்பையும் கழற்றினார். உள்ளே மஞ்சளாக ஒரு பொருக்கு. நடுவில் சிவப்பு.

"ஐயா… இது சந்தனமா?"

எங்கள் வீட்டுக்காரர் வாசல் வேப்பமரத்தைப் பார்த்தார். இவர் மிக்சி வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்ச் போட மாட்டார்.

"சார்ஜ் ஏத்தி வீட்டுக்கு வந்த பொருளு தம்பி… பொட்டு வைக்காம எப்புடி மாட்டுறது?"

"வைங்க, யாரு வேணாம்னா? டப்பா மேல வைங்க. ரெண்டு குமிழுலயும் அப்பி, அது மேலயே கிளாம்ப முடுக்கியிருக்கீங்களே! மாலைய உள்ள திணிக்காம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் ஒரே பிரமிப்பு. நகத்தால் சுரண்டினால் உதிரும் சந்தனம்… அத்தனை பெரிய இரும்பு வண்டியையே நிறுத்திவிட்டதே! கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் நடப்பதை ஒரு எண் வெளியே வந்து சொல்கிறதே!

"அப்ப லைட் மட்டும் எப்படிங்க எரிஞ்சுச்சு?" தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

"லைட்டுக்குக் கொஞ்சூண்டு கரண்ட் போதும் ஆத்தா, எங்கிட்டாவது லேசாத் தொட்டாலும் வந்துரும். இஞ்சினச் சுத்தி விடுற ஸ்டார்ட்டருக்கு மொத்தமா, ஒரே நேரத்துல வேணும். அதுக்கு முழுசாத் தொடணும்."

இரண்டு குமிழ்களையும் உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளியாக மின்னின. கிளாம்புகளை மாட்டி முடுக்கினார். இவர் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினார்… ஒரு குலுக்கல், ஒரு உறுமல், பின்னால் கரும்புகை. கிளம்பிவிட்டது!

அதிரசம் மறுபடி பைக்குள் போனது.

ஒரு மாதமாக அக்காவிடம் தினமும் போனில் பேசினேன். சாப்பிட்டியா, தூங்குனியா. அதுவும் லேசாகத் தொட்டு லைட் எரிந்த மாதிரிதானோ? கார் கிளம்பிய அன்று அக்கா வீட்டுக்குப் போய் அவள் கையைப் பிடித்தபோதுதான் அப்படித் தோன்றியது. எத்தனை மெலிந்துவிட்டாள் என்று எந்தப் போனும் எனக்குச் சொல்லவில்லையே.

கார் கதையைச் சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்க வைக்காதடி, வலிக்குது! இத எழுது. மருமகள வாசிக்கச் சொல்லிக் கேக்குறேன்."

எழுதிவிட்டேன். கரண்ட் விஷயம் அறிந்தவர்கள், நான் எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் என்ன சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவாள், என் அக்கா.