டாக்டர் சவரிமுத்து எந்த வகை?

முதல் நாள்

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் நான் வெல்ஃபேர் ஆபீசராகச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். முதல் நாள் காலையிலேயே கல் அரைக்கிற பிரிவில் கூச்சல். கலியபெருமாள் என்ற தொழிலாளியின் விரல் மெஷினில் நசுங்கிவிட்டது. நானும் இன்னொருவருமாக அவரை டிஸ்பென்சரிக்குத் தாங்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் சவரிமுத்துவை அங்கேதான் முதலில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். கலியபெருமாள் "ஐயோ சாமி, வலி தாங்கல சாமி" என்று அலறினார். டாக்டர் "கைய ஆட்டாத" என்றார். தையல் போட்டார். கட்டினார். "நாளான்னிக்கு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். ஆறுதலாக ஒரு சொல் இல்லை.

சமூகப்பணிப் படிப்பில் எங்களுக்கு உளவியல் ஒரு பேப்பர். மனிதன் உலகத்தைப் புலனாலோ உள்ளுணர்வாலோ அறிகிறான். சிந்தனையாலோ உணர்ச்சியாலோ முடிவெடுக்கிறான். ஒவ்வொன்றும் உள்முகமாகவோ வெளிமுகமாகவோ இருக்கும். ஒன்று ஓங்கியிருந்தால் அதற்கு எதிரானது உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். வகுப்பில் ஒருவரை ஒருவர் எந்த வகை என்று கண்டுபிடித்து விளையாடுவோம். விருத்தாசலத்தில் எனக்குத் தெரிந்தவர் யாருமில்லை. விளையாட வேறு ஆளும் இல்லை. அன்று சாயங்காலம் வாடகை அறையில் படுத்துக்கொண்டு டாக்டரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன்: உள்முகச் சிந்தனை. உணர்ச்சி நல்ல தூக்கத்தில் இருக்கிறது.

மெஸ்

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு அம்மா தன் வீட்டிலேயே மெஸ் நடத்தினார். டாக்டரும் நானும் அங்கேதான் சாப்பிட்டோம். அவர் நெற்றியிலிருந்து மார்புவரை சிலுவை வரைந்துகொண்டு சாப்பிடத் தொடங்குவார். "ரசம் வேணுங்களா?" என்று பாத்திரத்தை என் பக்கம் நகர்த்துவார். "போதுங்க" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

மார்பைத் தட்டிப் பார்த்தே சளி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார் என்று தொழிலாளிகள் பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் புலன்தான் ஓங்கியிருக்கிறது என்று மாற்றிக்கொண்டேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். இவ்வளவு கண்டிப்பாக ஒழுங்கைப் பிடிக்கிறவர் வெளிமுகச் சிந்தனை இல்லாமல் வேறென்ன என்று மறுபடி மாற்றினேன். அந்த ராத்திரிகளில் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டபோது சோறு இறங்கவில்லை. எதிரே ஒரு ஆள் பேசாமல் உட்கார்ந்திருப்பதுகூட எவ்வளவு துணை என்று அப்போதுதான் தெரிந்தது.

கலியபெருமாள் வீடு

ரெண்டு வருஷம் போனது. கலியபெருமாளுக்கு இருமல் விடவில்லை. டாக்டர் அவரைக் கடலூருக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கவைத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் காட்டினார்.

"கல் தூசு படிஞ்சு நுரையீரல் கெட்டியாயிடுச்சு. இது சரியாவாது. வூட்ல சொல்லணும்."

இவர் சொன்னால் கல்லைத் தூக்கிப் போட்டதுபோல் போடுவார் என்று பயந்தேன். "நான் சொல்றேன் டாக்டர், என் வேலைதானே" என்றேன். "சரி, நானும் வரேன்" என்றார்.

கலியபெருமாளின் மனைவி அஞ்சலை எங்களைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டார். "என்னா சார், ரெண்டு பேருமா வந்திருக்கீங்க?"

நான் விஷயத்தைச் சொல்லாமல் லைட் டியூட்டி, பேக்கிங் செக்ஷன், பால், முட்டை என்று என்னென்னவோ பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"சார் சொல்றது எனக்கு வெளங்கல. நீங்க சொல்லுங்க டாக்டரு. இவுரு பொழைப்பாரா?"

டாக்டர் கீழே உட்கார்ந்தார். "சரியாக்க மருந்து இல்லம்மா. போகப்போக மூச்சு வாங்கும். வாங்கறப்ப எல்லாம் சொல்லி அனுப்புங்க. நான் வருவேன்."

அஞ்சலை அழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார். பாயில் கிடந்த கலியபெருமாள்தான் கேட்டார்: "நெசமா வருவீங்களா சாமி?"

"வருவேன்."

டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். வாட்சைப் பார்க்கவே இல்லை. பொழுது சாயும்வரை அப்படியே இருந்தார்.

திரும்பும் வழியில் மணிமுத்தாற்றுப் பாலத்தில் நானாகவே உளறிவிட்டேன். "டாக்டர், நான் உங்கள ஒரு வகைல போட்டு வெச்சிருந்தேன்." வகைகளையெல்லாம் விளக்கினேன்.

"என்னை எதுல போட்டீங்க?"

"மூணு வகைல மாத்தி மாத்திப் போட்டேன். இன்னைக்கு எதுலயும் போட முடியல."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னார்: "எங்கம்மாவுக்குச் சீக்கு முத்தினப்ப நான் செமினரியில இருந்தேன், சாமியாருக்குப் படிக்க. சரியாப் போயிடும், நீ படின்னே எல்லாரும் சொன்னாங்க. நான் வூட்டுக்கு வந்தப்ப பெட்டிய மூடிட்டாங்க. ஒருத்தராச்சும் உண்மைய சொல்லியிருந்தா பக்கத்துல இருந்திருப்பேன்."

பாலத்தைத் தாண்டினோம்.

"ரெண்டு வருஷமா ஒரே மெஸ்ஸுல சாப்பிடறோம். என்கிட்டயே கேட்டிருக்கலாமே சார்" என்றார். "யாராச்சும் ஏதாச்சும் கேப்பாங்களான்னு நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

அடுத்த மழைக்காலத்தில் கலியபெருமாள் போய்ச் சேர்ந்தார். ஆள் வந்து கூப்பிட்டபோதெல்லாம் டாக்டர் போனார். கடைசியிலும் பக்கத்தில் இருந்தார். அந்த வருஷமே வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பேசிப் பழகியது சில மாதங்கள்தான்.

வெல்ஃபேர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இப்போதும் வகைகளைச் சொல்லித்தருகிறார்கள். படியுங்கள், உதவும். ஆனால் ஆள் எதிரிலேயே இருக்கும்போது ஊகத்துக்கு அவசரமில்லை.

டாக்டர் போன மறுவாரம் மெஸ்ஸுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். அக்கவுண்ட்ஸ் ஆள், ஓரமாக உட்கார்ந்து தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் என் இலையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டேன்.