கடல் உள்வாங்குகிறது என்று சொன்ன சென்சர்

பொருள்களை இணையத்தோடு கதைக்க வைக்கும் ஐஓடி வகுப்பை நகரத்தில் புதியவர்களுக்குத் தொடங்க இருந்தேன். எந்தச் சென்சரை வாங்குவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். கம்பியைக் கொழுவியதும் ஏதாவது ஓர் எண் வர வேண்டும். முதல் நாளே எண் வராவிட்டால் மறுநாள் வகுப்புக்கு ஆள் வராது. உப்புக்காற்றையும் அது தாங்க வேண்டும். கடைக்காரர்களின் பேச்சை நான் நம்புவதில்லை. மாதிரிக்கு ஒவ்வொன்று வாங்கி, கடலோர இறக்கக்கண்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தேன்.

வெப்பம் அளப்பது தேறியது. ஆள் நடமாட்டம் பார்ப்பது, வெறும் குசினியில், அடுப்புக்கு முன்னால் ஆள் நிற்கிறது என்று அடம்பிடித்தது, ஒதுக்கிவிட்டேன். மிஞ்சியது, ஒலியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் மலிவான சென்சர். அதை வீட்டுக்குப் பின்னால், படகு கட்டும் தூணில், கீழே தண்ணீரைப் பார்த்தபடி பசை உருக்கி ஒட்டினேன். தண்ணீர் இறங்கித் தூரம் கூடினால் கைபேசி கத்தும்.

மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடல் உள்ளுக்குப் போனா இது சொல்லுமோ?"

"ஓம்."

"அப்ப வகுப்பு முடிஞ்சாலும் கழட்டாதேங்கோ. நான் ஒழுங்கா நித்திரை கொண்டு எவ்வளவு காலம்."

சுனாமி அன்று கடல் முதலில் உள்வாங்கியது. ஈரமணலில் துடித்த மீனைப் பொறுக்க ஓடிய சிறுவர்களில் அவளுடைய தம்பியும் ஒருவன். பிறகு அவனை யாரும் காணவில்லை. இன்றைக்கும் அலைச்சத்தம் கொஞ்சம் குறைந்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால் அந்த மலிவுச் சாமான் எப்படியாவது தேற வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் கைபேசி கத்தியது. எண் கூடிக்கொண்டே போனது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கரையை வேலி மறைத்திருந்தது. தூரத்துக் கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. அதற்குள் மனைவி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெருவீதிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். நானும் ஓடினேன். முதலில் சென்சரைச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணம், அதைப் படிப்பிக்கப்போகிற எனக்கு வரவே இல்லை. எங்கள் குறுகிய ஒழுங்கையில் கடலுக்கு முதுகு காட்டி ஒருவர் ஓடினால் ஏனென்று யாரும் கேட்பதில்லை. சனம் முழுக்கப் பின்னால் வந்தது.

நெடுநேரம் நின்றோம். ஒன்றும் வரவில்லை. நான் மட்டும் திரும்பிப் போனேன். எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. ஒரு வீட்டில் வானொலி பாடியது. இன்னொரு முற்றத்தில் குழாய்த் தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது. ஒரு விறாந்தையில் பிசைந்த சோறு கோப்பையோடு இருந்தது. ஆளில்லை. கடல் வந்து போன நாளிலும் வீடுகள் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்தபோது, என் காலடிச் சத்தமே எனக்குப் பயமாக இருந்தது.

கடல் தன் இடத்திலேயே இருந்தது. வெயிலில் பசை இளகி, சென்சர் மெல்ல மெல்லச் சரிந்து, தண்ணீரைச் சாய்வாகப் பார்த்து, தூரத்தைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

வெட்கத்தோடு சனத்திடம் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் நன்றாகத் திட்டினார். எல்லோரும் வீடு திரும்பிய பிறகு அதைப் பிடுங்கி எறியப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"இது வகுப்புக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது. பிழையாச் சொல்லுது," என்றேன்.

"சொல்லட்டும். திருப்பி இறுக்கிக் கட்டுங்கோ," என்றாள். "அண்டைக்குக் கடல் வரேக்க எங்களுக்கு ஒருத்தரும் பிழையாக்கூடச் சொல்லேல்லை."