இன்ஷிராவின் குலவை

எங்கள் ஊர் சினிமாவில் கல்யாணக் காட்சி வந்தால் பார்க்காதீர்கள், கேளுங்கள். கதாநாயகி படியிறங்குவாள், சுற்றி நிற்கும் பெண்கள் குலவை போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு குலவை மட்டும் தனியாகக் கிளம்பி, உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் இறங்கும். அது இன்ஷிராவுடையது. நான் காஸ்ட்யூமர். அவளுக்கு எத்தனை கல்யாணத்துக்கு ஜிகினா உடுப்பு மாட்டிவிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. இம்பாபா பேட்டையில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறோம். அவள் வீடு மேலே, என் வீடு கீழே. அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

சினிமாவுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. பிரமிட் சாலை ஸ்டுடியோவில் ஒரு கல்யாணக் காட்சி எடுத்தார்கள். நடிக்க வந்த சீமாட்டிகளில் ஒருத்திக்கும் நாக்கு புரளவில்லை. குலவை போடச் சொன்னால் கொட்டாவி விட்டார்கள். துணை நடிகர் ஏஜென்ட் ஸக்லூல் தலையில் அடித்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்து, "வாயிருக்கிற பொம்பளைங்க யாரும்மா இங்க?" என்று கத்தினான். சந்தே இன்ஷிராவைக் கை காட்டியது.

அவள் புருஷன் பயூமி டிராம் கண்டக்டர். "எம்பொண்டாட்டி வாயை ஊரே கேக்கணுமா?" என்று முதல் நாள் குதித்தார். படம் டி.வி.யில் வந்தபோது அவரே காபிக் கடையில் உட்கார்ந்து, "இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாரு... ஆங்! அது நம்ம வீட்டுது" என்று நெஞ்சை நிமிர்த்தினார். நல்ல மனிதர். சீக்கிரமே போய்ச்சேர்ந்தார். மகன் ஷவ்கியை இன்ஷிரா குலவை போட்டே வளர்த்தாள்.

பிறகு டி.வி. தொடர்களும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரி, சிறை வார்டன், அவரைக்கொட்டைக் குழம்பு வாங்க வந்தவள் என்று என்னென்னவோ ஆனாள். வசனம் என்றால் அதிகம் போனால், "மாப்பிள்ளை வந்தாச்சு!" முகம் திரையில் நிற்பதற்குள் கேமரா கதாநாயகியிடம் போய்விடும். ஒரு கதாநாயகிக்குப் படங்களில் நாலு கல்யாணம், நாலுக்கும் குலவை இவள்தான். நிஜத்தில் அந்த அம்மாள் செய்துகொண்ட ஐந்தாவதற்கும் இவளைத்தான் கூப்பிட்டார்கள். அப்படியும் டைட்டிலில் இவள் பேர் ஒரு நாளும் வந்ததில்லை.

"பேர் போடுங்கன்னு கேளேன்டி" என்பேன்.

"எந்தப் பேரைடி போடுவான்? இன்ஷிரான்னா சந்துல யாருக்குத் தெரியும்? நான் ஷவ்கியம்மா" என்பாள்.

உண்மைதான். ரொட்டிக்காரன் முதல் பள்ளிவாசல் இமாம் வரை எல்லோருக்கும் அவள் ஷவ்கியம்மா. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளை அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை.

ஷவ்கி மின்சாரக் கம்பத்தில் ஏறுகிற வேலையில் இருந்தான். நிச்சயமாகி விரலில் மோதிரம் போட்டாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டிகூட வாங்கி, பிரிக்காமல் கூடத்தில் நின்றது. தன் மகன் கல்யாணத்துக்கு எப்படிப்பட்ட குலவை போடுவாள் என்று சந்தே காத்திருந்தது. இஸ்மாயிலியா சாலையில் அவன் போன வேன் கவிழ்ந்தது. திரும்பி வந்தது அவன் உடல்தான்.

கல்யாணமாகாமல் போகிற பிள்ளை எங்களுக்கு மாப்பிள்ளை. அவனை அழுது அனுப்பக் கூடாது. பெற்றவள் குலவை போட்டு, மாப்பிள்ளை ஊர்வலமாக அனுப்பிவைக்க வேண்டும். அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். ஆண்கள் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். பால்கனியில் பெண்கள் இன்ஷிராவைப் பிடித்துக்கொண்டு, "உம் புள்ள மாப்பிள்ளைடி, போடு, குலவை போட்டு அனுப்பு" என்றார்கள். வாயைத் திறந்தாள். கை வாயருகே போனது. சத்தம் வரவில்லை. பெட்டி சந்து முனை திரும்பும் வரை வாய் திறந்தபடியே நின்றாள். ஊரான் வீட்டுப் பொய்க் கல்யாணத்துக்கெல்லாம் குலவை போட்டவளின் பிள்ளை ஒரு சத்தமும் இல்லாமல் போனான்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவள் வாய் சும்மா இருந்தது. முலுக்கியா கீரையில் பூண்டைத் தாளித்துக் கொட்டும்போது நாங்கள் 'ஹா' என்று மூச்சை உள்ளிழுப்போம், இல்லாவிட்டால் கீரை ருசிக்காது. மேல் வீட்டிலிருந்து அந்த ஒரு மூச்சுகூட வருவதில்லை. படப்பிடிப்புக்கு மட்டும் என்னோடு வருவாள், கூட்டத்தில் நிற்பாள். குலவை வேண்டிய இடத்தில் அவளுடைய பழைய குலவையையே டேப்பிலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். "டேப்பு சாப்பாடு கேக்காது பாரு" என்று ஸக்லூல் பல்லைக் காட்டினான். அவன் பல்லில் இடி விழ.

இதைவிடக் கொடுமை சந்து செய்தது. பெட்டி போன அடுத்த நாளே எல்லோரும் ஷவ்கியம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். முதலில் நிறுத்தியவன் எதிரே துணி தேய்க்கிற ஷஹாத்தா. மகன் பேரைக் கேட்டால் அவளுக்கு வலிக்குமாம். "இன்ஷிராக்கா" ஆகிவிட்டாள்.

ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "எம்புள்ள செத்தான். ஆண்டவன் குடுத்தான், எடுத்துக்கிட்டான். எம்பேரு எதுக்குடி சாகணும்? அவனை அனுப்பவும் துப்பில்ல, அவன் பேரைச் சுமக்கவும் வழியில்ல."

அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். வேறென்ன செய்வது?

போன வருஷம் நோன்பு மாதத்துக்கென்று ஒரு டி.வி. தொடர் எடுத்தார்கள். டைரக்டர் நாதிர், மீசை சரியாக முளைக்காத பையன். எங்கள் சந்து மாதிரியே ஒரு சந்து செட் போட்டிருந்தார்கள். காட்சி இதுதான்: சண்டையில் ஒரு பையன் செத்துப்போகிறான், சவப்பெட்டி வெளியே வருகிறது, பால்கனியில் தாய் அழுகிறாள். தாயாக நடிக்க வேண்டிய அம்மாள் ஒப்பனை அறை சரியில்லை என்று கோபித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாள். நாதிர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, இன்ஷிராவிடம் விரலை நீட்டினான்.

நான் குறுக்கே புகுந்தேன். "தம்பி, அவ வேணாம். வேற யாரையாவது பாருங்க."

"நான் பண்றேன்" என்றாள் இன்ஷிரா.

கறுப்பு முக்காட்டைக் கட்டிவிட்டேன். "பைத்தியமாடி உனக்கு?" என்றேன். "ஊக்கை நல்லா குத்து, அவிழுது" என்றாள்.

நாதிர் கீழே நின்று விளக்கினான். "பெட்டி வாசலைத் தாண்டுனதும் மார்ல அடிச்சுக்கிட்டு அழுங்கம்மா. நல்லா, பெருசா."

"பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

நாதிர் உதவியாளரைப் பார்த்தான், உதவியாளர் காகிதத்தைப் பார்த்தான். "இல்லம்மா. அதெல்லாம் கதைல எழுதல."

"அப்ப அவன் மாப்பிள்ளை. அழ மாட்டேன்."

"அப்புறம் என்னதான் பண்ணுவீங்க?"

"நீ ஷாட்டை வைப்பா."

ஷாட் வைத்தார்கள். பெட்டி வாசலைத் தாண்டியது. இன்ஷிரா கையை வாயருகே கொண்டுபோனாள். எனக்கு அந்தப் பழைய பால்கனிதான் தெரிந்தது. முதலில் கரகரவென்று, துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு வந்ததே ஒரு குலவை! மேலே போய், நின்று, நின்றுகொண்டே இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்ட, முகம் மட்டும் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. கீழே நின்ற துணை நடிகைகள், அத்தனை பேரும் பிள்ளை பெற்றவர்கள், யாரும் சொல்லாமலே சேர்ந்துகொண்டார்கள். பெட்டி தூக்கியவர்கள் நடக்காமல் நின்று பால்கனியை அண்ணாந்து பார்த்தார்கள். கேமராக்காரன் கண்ணைத் துடைக்கப் போய் ஃபோகஸைக் கோட்டைவிட்டான்.

"கட்!" என்று நாதிர் குதித்தான். "அம்மா, பிரமாதம்! ஆனா படம் விழல. இன்னொரு தடவை போயிடலாம்."

அவள் ஆயுசிலேயே இன்னொரு டேக்குக்கு மாட்டேன் என்று சொன்னதில்லை. வெயிலோ பசியோ, கேட்ட உடனே பழைய இடத்தில் போய் நிற்பாள். அன்று முக்காட்டை அவிழ்த்து, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"ஒரு புள்ளைக்கு எத்தனை தடவைப்பா கல்யாணம் பண்றது?"

நாதிருக்குப் புரியவில்லை. கத்தினான். தயாரிப்பாளருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டான். நான் அவனை ஓரமாகக் கூட்டிப்போய் ஷவ்கியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். பையன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஒலிப்பதிவாளர்தான் ஹெட்போனைக் கழற்றி, "சத்தம் சுத்தமா இருக்கு, அதை வெச்சுக்கலாம்" என்றார். பெட்டி போவதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டார்கள். வழக்கம் போல அவள் முகம் விழவில்லை.

கிளம்பும்போது உதவியாளர் ஓடி வந்தான். "டைரக்டர் டைட்டில்ல உங்க பேர் போடச் சொன்னார். முழுப் பேர் என்னம்மா?"

"ஷவ்கியம்மா."

"அது கூப்பிடுற பேரு. முழுப் பேர்?"

"முழுப் பேரே அதுதான்."

நோன்பு மாதம் வந்தது. அந்தக் காட்சி வருகிற நாள் நோன்பு திறந்து, கதாயிஃப் பலகாரம் தின்ற கையோடு சந்தே காபிக் கடை டி.வி. முன்னால் கூடியது. பெட்டி சந்து வழியே போக, மேலே எங்கிருந்தோ அந்தக் குலவை வந்தது. ஷஹாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கடைசியில் பேர்கள் ஓடின. 'ஷவ்கியம்மா' என்று வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். இன்ஷிரா கீழே வரவே இல்லை. பிறகு போய்ப் பார்த்தேன், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை. என் ஜன்னலுக்கு நேர் கீழே ஷஹாத்தா தேய்த்த துணிகளோடு வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். பிறகு அண்ணாந்து, "ஷவ்கியம்மா! துணி ரெடி, கூடையை இறக்குங்க!" என்றான்.

மேலே பால்கனிக் கதவு திறந்தது. கூடை வரவில்லை.

"என்னம்மா, காதுல விழலையா?"

"விழுந்துச்சு" என்றாள். "இன்னொரு தடவை கூப்பிடு."